ஓர் ஏரி, ஓர் ஆண்டு, ஒரு நோட்டு: நீர்நிலையை ஆராய முழுமையான வழிகாட்டி

கரையில் நின்று ஒரு பாட்டிலைத் தண்ணீரில் முக்கி, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த தாளைப் பார்த்துவிட்டு "ஏரி நன்றாக இருக்கிறது" என்றோ "கெட்டுப்போய்விட்டது" என்றோ சொல்லிவிடுவோம். நீராய்வில் இறங்கும் எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. நானும் செய்திருக்கிறேன். அந்தப் பாட்டிலில் இருந்தது ஏரி இல்லை. அந்த மணிக்கு, அந்தக் கரையோரம், முழங்கால் ஆழத்தில் கிடந்த ஒரு லிட்டர் தண்ணீர். அதே இடத்தில் விடியுமுன் முக்கியிருந்தால் ஆக்சிஜன் வேறாக இருந்திருக்கும். நடு ஏரியில் எட்டு மீட்டர் கீழே எடுத்திருந்தால் வேறொரு ஏரியே கிடைத்திருக்கும்.

கல்லூரி மாணவர், ஆசிரியர், தன்னார்வக் குழு என யார் ஒரு நீர்நிலையை ஓராண்டு முறையாகப் பின்தொடர நினைத்தாலும் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலையுயர்ந்த கருவிகள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பெரும்பகுதியைச் செய்யலாம். ஏரி என்று சொல்லிக்கொண்டு போனாலும் குளம், அணைநீர்த்தேக்கம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்த ஏரியின் நலம் என்ன?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "மழைக்காலம் முடிந்த பின் பாசி பெருகுவதற்குக் காரணம் ஓடை கொண்டுவரும் பாஸ்பரஸா, அடிவண்டலிலிருந்து மேலே வரும் பாஸ்பரஸா?" என்பது ஆய்வுக் கேள்வி. எதை அளக்க வேண்டும், எங்கே, எப்போது என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே வந்துவிடும். எந்த விடை வந்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் நம் மனம் செய்யும் சமாளிப்புகளுக்கு அது நல்ல கடிவாளம்.

ஏரியைத் தனியாகப் பார்க்கலாமா, அதற்குத் தண்ணீர் தரும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்டு புரூக் காட்டில் 1963-இல் தொடங்கிய ஆய்வு, சிறு நீர்ப்பிடிப்பு ஒன்றை முழு அலகாக எடுத்துக்கொண்டது. மழையில் வருவது இவ்வளவு, ஓடையில் போவது இவ்வளவு என்று கணக்கு எழுதினார்கள். 1965-66 குளிர்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்களை முழுவதும் வெட்டிவிட்டுப் பார்த்தபோது, ஓடைநீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறியது. ஓடைக்குள் மட்டும் நின்று பார்த்திருந்தால் ஏறியது தெரிந்திருக்கும், காரணம் பிடிபட்டிருக்காது.

படி 2: ஆழத்தை வரையுங்கள்

செயற்கைக்கோள் படத்தில் கரையின் வடிவம் கிடைத்துவிடும், ஆழம் கிடைக்காது. படகில் கயிறும் எடைக்கல்லும் போதும். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, கரைக்குக் கரை நேர்கோட்டில் போய், சம இடைவெளிகளில் ஆழத்தையும் கைபேசி காட்டும் இடக்குறியையும் எழுதுங்கள். நனைந்த கயிறு நீளும். அதனால் கயிற்றை முதலில் ஊறவைத்துவிட்டு முடிச்சு போடுங்கள்.

சம ஆழக் கோடுகளை வரைந்தபின் ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று கணக்கிட்டால் ஏரியின் கொள்ளளவு கிடைக்கும். பின்னால் எல்லாக் கணக்குகளுக்கும் இது தேவை. உங்கள் முதன்மை அளவிடும் புள்ளி மிக ஆழமான இடத்தில் இருக்கட்டும். இரண்டாவதை ஓடை நுழையும் வாயருகிலும், மூன்றாவதை நீர் வெளியேறும் இடத்தருகிலும் வையுங்கள். ஆரம்பத்தில் மூன்று புள்ளி போதும். பத்துப் புள்ளிகளில் தொடங்கி மூன்றாம் மாதத்தில் நின்றுபோன திட்டங்கள் நிறைய உண்டு.

தண்ணீரில் தனியாக இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். நீர் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் இருந்தால் அது நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் பெருக்கமாக இருக்கலாம். அவற்றில் சில கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

படி 3: நேரத்தை எழுதுங்கள்

இதற்குத் தனிப் படி தேவையா என்று தோன்றும். தேவைதான். ஒருமுறை ஆறு மாத ஆக்சிஜன் அளவுகளை வரைபடமாக்கிப் பார்த்து, ஏரி மாதாமாதம் சீர்கெட்டு வருகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகு நோட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது: முதல் மாதம் மதியம் மூன்று மணிக்கு அளந்தேன், வெயிலுக்குப் பயந்து ஒவ்வொரு மாதமும் சற்று முன்னதாகப் போய், ஆறாம் மாதம் காலை ஏழு மணிக்கு அளந்திருக்கிறேன். நான் வரைந்தது ஏரியின் சரிவை அல்ல, என் சோம்பலை. நோட்டில் நேரம் இருந்ததால் தப்பித்தேன்.

ஒவ்வொரு முறையும் தேதி, மணி, புள்ளி, ஆழம், வானம், காற்று, முந்தைய மூன்று நாள் மழை, நீர்மட்டம், நீரின் நிறம், வாசனை, அளந்தவர் பெயர், எந்தக் கருவி, அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நீர்மட்டத்துக்கு, அசையாத ஒரு பாறையிலோ தூணிலோ அளவுக்கோடு வரைந்துகொள்ளுங்கள். அதையும் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நம்ப வேண்டாம். காற்றும் காற்றழுத்தமும் தள்ளிவிட, பெரிய ஏரிகளின் நீர்மட்டம் தொட்டித் தண்ணீர்போல் இருபுறமும் ஊசலாடும். ஏரியியல் என்ற துறைக்கே அடித்தளமிட்ட சுவிட்சர்லாந்தின் பிரான்சுவா அல்போன்ஸ் ஃபோரெல், ஜெனீவா ஏரியில் ஆராய்ந்த முதன்மை ஊசல் ஒன்று முடிய ஏறத்தாழ 73 நிமிடம் ஆகிறது.

படி 4: வெள்ளைத் தட்டு

1865-இல் இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்சலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் அவை கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். இன்றும் ஏரியாய்வில் இதற்கு மேல் மலிவான, இதற்கு மேல் பயனுள்ள கருவி கிடையாது. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தகட்டை நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அடியில் எடை கட்டினால் செக்கி தட்டு தயார்.

காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கம், குளிர்கண்ணாடி போடாமல் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் சற்று இறக்கிவிட்டு மெல்லத் தூக்கி, மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் செக்கி ஆழம். ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் தோராயமாக அதன் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம்வரை போகும்.

1977-இல் ராபர்ட் கார்ல்சன் இந்த எண்ணை ஏரியின் சத்துநிலைக் குறியீடாக மாற்றும் எளிய சூத்திரம் தந்தார்: 60-லிருந்து, மீட்டரிலுள்ள செக்கி ஆழத்தின் இயற்கை மடக்கையை 14.41-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். தட்டு 4 மீட்டரில் மறைந்தால் 40, 2 மீட்டரில் 50, 1 மீட்டரில் 60, அரை மீட்டரில் 70. நாற்பதுக்குக் கீழே சத்துக் குறைந்த தெளிநீர். ஐம்பதைத் தாண்டினால் சத்து மிகுந்த நீர். ஆனால் மழைக்குப் பின் செம்மண் கலங்கிய ஏரியில் தட்டு சீக்கிரம் மறைவதற்குப் பாசி காரணமில்லை. அங்கே இந்தக் குறியீடு பொய் சொல்லும். அதனால் தட்டோடு நீரின் நிறத்தையும் எழுதுங்கள்.

இவ்வளவு எளிய அளவீட்டை விடாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பைக்கால் ஏரிதான் சான்று. சைபீரியாவில் 1940-களின் நடுவில் மிகைல் கோஷோவ் தொடங்கிய அளவீடுகளை அவர் மகள் ஓல்காவும், பின்னர் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தேவாவும் தொடர்ந்தார்கள். வெப்பநிலை, தெளிவு, மிதவை உயிரிகள் என ஒரே இடத்தில், பனி உறைந்த குளிர்காலத்திலும் எடுத்தார்கள். உலகின் மிக ஆழமான அந்த ஏரியும் சூடாகி வருகிறது என்று பல பத்தாண்டுத் தரவோடு சொல்ல முடிந்தது அதனால்தான்.

படி 5: வெப்ப அடுக்குகள்

ஆழமான புள்ளியில் மேலிருந்து அடிவரை மீட்டருக்கு ஒரு முறை வெப்பநிலையை எடுங்கள். நீண்ட கம்பியுள்ள வெப்பமானி இல்லையென்றால், கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும்படி எடை கட்டிய பாட்டிலை இறக்கி, தண்ணீரைத் தூக்கியவுடன் அளக்கலாம். ஆழம் குறுக்கேயும் வெப்பநிலை நெடுக்கேயும் வராமல், ஆழம் மேலிருந்து கீழாக ஓடும்படி வரையுங்கள். ஏரியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோல் படம் தெரியும். மேலே ஒரே சூடுள்ள அடுக்கு, நடுவில் சட்டென்று குளிரும் பட்டை, அடியில் குளிர்ந்த அடுக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும் பட்டையை வெப்பச்சரிவு என்று எடுத்துக்கொள்வது பழைய வழக்கம்.

வெப்ப நாடுகளில் இந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றினால் ஏமாறுவோம். நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடாகச் சூடாக அடர்த்தி வேகமாகக் குறையும். 4-லிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது ஒரு கனமீட்டர் நீரின் எடை சுமார் 8 கிராம்தான் குறைகிறது. 29-லிருந்து 30-க்குப் போகும்போது சுமார் 300 கிராம் குறைகிறது. ஆகவே குளிர்நாட்டு ஏரியில் அற்பமாகத் தெரியும் ஒரு டிகிரி வித்தியாசம், வெந்நாட்டு ஏரியில் மேல்நீரையும் கீழ்நீரையும் வாரக்கணக்கில் பிரித்து வைக்கப் போதும். உங்கள் வெப்பமானி 0.1 டிகிரியைக் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுக்குகள் கலக்காதவரை அடிநீர் மூடிய அறை. அங்கே என்ன சேர்கிறதோ அது அங்கேயே கிடக்கும். இதன் கொடிய எடுத்துக்காட்டு கேமரூனின் நியோஸ் ஏரி. எரிமலைக் குழியில் இருக்கும் அந்த ஏரியின் அடிநீரில் கரைந்து தேங்கியிருந்த கார்பன் டை ஆக்சைடு, 1986 ஆகஸ்ட் 21 இரவு ஒரேயடியாக வெளியேறிப் பள்ளத்தாக்குகளில் பரவியது. சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். சாதாரண ஏரிகளில் இப்படி நடக்காது. அங்கே அடிநீரில் நடப்பது வேறு: ஆக்சிஜன் தீர்ந்துபோவது. அது அடுத்த படியில்.

படி 6: கரைந்த ஆக்சிஜன்

ஒரே ஒரு வேதியல் அளவுதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். காற்று தருவது, பாசி உண்டாக்குவது, உயிர்கள் மூச்சுவிடுவது, அழுகல் தின்பது எல்லாவற்றின் வரவுசெலவும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

மின்வாய்க் கருவி இருந்தால் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றில் சரிபார்த்துவிட்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. கருவிகளையே சோதிக்க இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள்.

300 மி.லி. கொள்ளும், தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியுள்ள பாட்டிலில், குழாயை அடிவரை விட்டு, குமிழி வராமல் நீரை நிரப்பி, இரண்டு மூன்று மடங்கு வழியவிடுங்கள். பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி மாங்கனீசு சல்பேட் கரைசல் 1 மி.லி., அடுத்து காரமும் அயோடைடும் அசைடும் சேர்ந்த கரைசல் 1 மி.லி. விடுங்கள். காற்றுக்குமிழி அகப்படாமல் மூடிப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது; வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜனே இல்லை. முதன்முதலாக ஆழ்நீரில் வெள்ளை வீழ்படிவைப் பார்க்கிறவர் அதை மறக்க மாட்டார். படிந்தபின் மீண்டும் ஒருமுறை கலக்கி, படியவிட்டு, அடர் கந்தக அமிலம் 1 மி.லி. சேர்த்தால் வீழ்படிவு கரைந்து அயோடின் மஞ்சள் வரும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அமிலத்தைத் தொட வேண்டும். அசைடும் நஞ்சு, மிச்சத்தை ஏரியிலோ சாக்கடையிலோ கொட்டக்கூடாது.

அதில் 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டை ப்யூரெட்டிலிருந்து சொட்டுச்சொட்டாக விடுங்கள். வைக்கோல் நிறத்துக்கு வெளுத்ததும் ஸ்டார்ச் சேருங்கள், நீலமாகும். நீலம் மறையும் சொட்டில் நிறுத்துங்கள். இந்த அளவுகளைக் கடைப்பிடித்தால் செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். வேறு கணக்கே வேண்டாம்.

கிடைத்த எண்ணை வெப்பநிலை இல்லாமல் படிக்காதீர்கள். கடல்மட்டத்தில் நன்னீர் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும்; 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.5 சொச்சம். 30 டிகிரி நீரில் 7 என்பது கிட்டத்தட்ட நிறைவு. அதே 7, 5 டிகிரி நீரில் குறைதான். நிறைவு விழுக்காட்டையும் எழுதும் பழக்கம் வேண்டும். 100-ஐத் தாண்டினால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்; வெயிலில் பாசி வேகமாக வேலை செய்தால் 150-கூட வரும். அதே நேரம் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிவிடுவதால் பி.எச். 9-க்கு மேலே போகும்.

இங்கே ஒரு முழுநாள் ஆய்வைக் கட்டாயம் செய்யுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரம், ஒரே புள்ளியில், ஒரே ஆழத்தில். பிற்பகலில் ஆக்சிஜன் உச்சம் தொடும்; இரவெல்லாம் எல்லா உயிர்களும் மூச்சுவிட, விடியுமுன் அடிமட்டம் தொடும். காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மிதப்பதையும், செத்து ஒதுங்குவதையும் பார்த்து "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்று சொல்வதுண்டு. சில வேளை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பச்சையாகிப்போன ஏரியில் மேகமூட்டமான இரண்டு நாளும் காற்றில்லாத ஓர் இரவும் போதும். முழுநாள் வரைகோடு கையில் இருந்தால் அந்த வாக்குவாதத்தில் நீங்கள் பேசலாம்.

படி 7: சத்துகள்

1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட ஏரியின் குறுகிய இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். டேவிட் ஷிண்ட்லர் குழு ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தது. மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தது. பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையானது, மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், சோப்புத்தூளில் பாஸ்பேட் வேண்டுமா என்ற பெரிய சண்டையை நகர்த்தியது. எல்லா ஏரியிலும் பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்று இதனால் ஆகிவிடாது. பல வெப்பமண்டல ஏரிகளிலும் கழிமுகங்களிலும் நைட்ரஜனோ, இரண்டும் சேர்ந்தோதான் பாசியைக் கட்டுப்படுத்துகின்றன.

செய்முறையில் இரண்டு பொறிகள். முதலாவது, பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவுவது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வடித்த நீரில் அலசுங்கள். கரைந்த சத்துகளுக்கான நீரைக் கரையிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, இருட்டில், ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். இரண்டாவது பொறி அலகு. ஒரு தாளில் "நைட்ரேட் 4.4" என்றும் இன்னொன்றில் "1.0" என்றும் இருந்தால் இரண்டும் ஒரே நீராக இருக்கலாம். நைட்ரேட்டாகச் சொன்னால் 4.43, நைட்ரஜனாகச் சொன்னால் 1. பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையில் அந்த எண் 3.07. அலகு எழுதாத எண்ணை வாங்காதீர்கள்.

அளவிடும் எல்லைக்குக் கீழே இருந்தால் "பூஜ்யம்" என்று எழுதவும் கூடாது. "0.005-க்குக் கீழ்" என்று எல்லையோடு எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் வடித்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் களத்துக்குக் கொண்டுபோய், அதே பாடு படுத்தி, அடையாளம் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதில் பாஸ்பரஸ் வந்தால் அது ஏரியிலிருந்து வந்ததல்ல, உங்கள் கையிலிருந்து.

படி 8: உயிர்கள்

நுண்பாசிக்கு மேல்நீரில் ஒரு பாட்டில் எடுத்து, தேநீர் நிறம் வரும்வரை லூகால் அயோடின் சொட்டுங்கள். இருட்டில் மாதக்கணக்கில் இருக்கும். எண்ணுமுன் உயரமான கண்ணாடிக் குழாயில் படியவிடுங்கள். மிதவை விலங்குகளுக்கு நுண்கண் வலையை அடியிலிருந்து மேலே ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வலைவாயின் பரப்பையும் இழுத்த நீளத்தையும் பெருக்கினால் வடிகட்டிய நீரின் அளவு. மொத்தப் பாசியின் அளவு மட்டும் போதுமென்றால் பச்சையம் அளக்கலாம்: கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டி, 90 விழுக்காடு அசிட்டோனில் கரைத்து, நிறமாலைமானியில் பார்ப்பது. வடிதாளை வெளிச்சத்தில் வைத்துவிட்டால் பச்சையம் சிதைந்துவிடும்.

ஆனால் எனக்குப் பிடித்தவை அடித்தளப் பூச்சிகள். தண்ணீர் பாட்டில் அந்த நிமிடத்தைச் சொல்லும். மாதக்கணக்கில் அங்கேயே வாழும் பூச்சிப்புழு அந்த மாதங்களைச் சொல்லும். ஓடையில் அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளறுங்கள். எவ்வளவு நேரம் என்பது எல்லா முறையும் ஒன்றாக இருக்கட்டும். மேஃபிளை, கல்ஈ, கேடிஸ் ஈ ஆகியவற்றின் இளம்புழுக்கள் பலவகையாக இருந்தால் அங்கே ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. சிவந்த கைரோனமிட் புழுக்கள் மட்டும் நெளிந்தால் நிலைமை வேறு. அந்தச் சிவப்பு, ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றில் பிழைக்க அவை வைத்திருக்கும் ஹீமோகுளோபின். இனம்வரை அடையாளம் காணத் தெரியாவிட்டாலும் குடும்பம்வரை கண்டால் போதும்.

படி 9: ஓடை கொண்டுவருவது

ஓடைநீரில் எவ்வளவு பாஸ்பரஸ், எவ்வளவு மண் என்று செறிவை மட்டும் சொன்னால் பாதி வேலைதான். எவ்வளவு தண்ணீர் என்றும் தெரிய வேண்டும். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, பாதி மூழ்கி மிதக்கும் ஒரு பொருளைப் பலமுறை விட்டு நேரம் பாருங்கள். 25 வினாடி என்றால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அடியில் உராய்வு இருப்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 0.34. அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1.2 சதுர மீட்டர். ஓட்டம் வினாடிக்கு 0.408 கனமீட்டர், அதாவது 408 லிட்டர்.

நீரை வடிகட்டி, தாளை உலர்த்தி எடை போட்டதில் லிட்டருக்கு 50 மி.கி. மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 20.4 கிராம். நாளுக்கு ஏறத்தாழ 1.76 டன். அடுத்த வாரம் வெள்ளம் வந்து ஓட்டம் பத்து மடங்கும் செறிவு இருபது மடங்கும் ஆகிறது என்றால் அந்த ஒரு நாள் 200 சாதாரண நாளுக்குச் சமம். மாதத்துக்கு ஒருமுறை வெயில் நாளாகப் பார்த்துப் போய் மண்வரத்தை அளக்கும் திட்டம், மண் வரும் நாளைத் தவிர எல்லா நாளையும் அளக்கிறது. வெள்ளத்தில் ஓடைக்குள் இறங்கக் கூடாது. பாலத்திலிருந்து வாளியை இறக்குங்கள், மட்டத்தைத் தூணில் பாருங்கள். ஓட்டத்தைப் பின்னர் மட்டத்திலிருந்து கணக்கிடலாம். அதற்காகத்தான் அமைதியான நாட்களில் பல மட்டங்களில் ஓட்டத்தை அளந்து மட்ட–ஓட்ட வரைகோடு போட்டு வைப்பது.

வேகத்துக்கும் மண்துகளின் அளவுக்கும் உள்ள உறவில் ஒரு விசித்திரம் உண்டு. எளிதில் அரிக்கப்படுவது மிக நுண்ணிய களிமண் அல்ல, மணல். களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றைப் பெயர்க்க அதிக வேகம் வேண்டும். பெயர்ந்துவிட்டாலோ மெல்லிய ஓட்டமே வெகுதூரம் சுமந்துபோகும். சுவீடனின் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935-இல் வரைந்த வளைகோடு இதைத்தான் காட்டுகிறது. ஓடை வாயில் மணலும் ஆழ்பகுதியில் களியும் படிந்திருப்பதற்குக் காரணமும் இதுவே.

மழை, ஓடை வரத்து, நிலத்தடி ஊற்று ஒரு பக்கம்; ஆவியாதல், வெளியேற்றம், கசிவு, மட்டத்தின் மாற்றம் மறுபக்கம் என்று நீர்க்கணக்கை மாதாமாதம் எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். திறந்த தட்டில் அளந்த ஆவியாதலைச் சுமார் 0.7-ஆல் பெருக்கி ஏரிக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். கணக்கு நேராகாது. மிஞ்சுவதை "நிலத்தடி நீர்" என்று எழுதும் ஆசை வரும். உங்கள் எல்லா அளவுகளின் பிழையும் சேர்ந்து அந்த மிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

படி 10: அடிவண்டல்

ஏரிக்கு நோட்டு எழுதும் பழக்கம் நமக்கு முன்பே உண்டு. ஆழமான, கலக்கப்படாத இடத்தில் ஒளிபுகும் குழாயை நேராகச் சொருகி, மேல்வாயை அடைத்துத் தூக்கினால் வண்டல் தூண் கிடைக்கும். மேலேயுள்ள நீர் தெளிவாக இருந்தால் மேல்படிவு கலையவில்லை என்று பொருள். கரைக்கு வந்ததும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சீவி, தனித்தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதுங்கள்.

வயதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவை. காற்றிலிருந்து படியும் ஈயம்-210-இன் அரைஆயுள் சுமார் 22 ஆண்டு. அதைக்கொண்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, சற்றே கூட, பின்னோக்கிப் போகலாம். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற சீசியம்-137 வட அரைக்கோளத்தில் 1963 வாக்கில் உச்சம் தொட்டது. 2023-இல் எடுத்த தூணில் அந்த உச்சம் 30 செ.மீ. ஆழத்தில் இருந்தால் ஆண்டுக்குச் சராசரி அரை சென்டிமீட்டர் படிந்திருக்கிறது. இரண்டு முறையும் ஒத்துப்போனால் நம்பலாம். மேலே உள்ள வண்டல் இளகியும் கீழே உள்ளது அழுந்தியும் இருக்கும் என்பதால் சென்டிமீட்டரை விட உலர் எடையில் கணக்கிடுவது நேர்மை. பிறகு ஒவ்வொரு சீவலிலும் டயாட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடுகளைப் பார்த்தால், படி 1-இல் கேட்ட கேள்விக்கு உங்கள் ஓராண்டைத் தாண்டிய விடை கிடைக்கும். பாசி இப்போதுதான் பெருகியதா, அறுபது ஆண்டாகவே இப்படித்தானா என்று.

படி 11: எண்களை நேர்செய்தல்

வீடு திரும்பிய அன்றே நோட்டைப் படம் எடுத்துவிடுங்கள். கணினி அட்டவணையில் ஒரு வரிக்கு ஓர் அளவு: தேதி, மணி, புள்ளி, ஆழம், என்ன அளவு, எண், அலகு, முறை, குறிப்பு. நிறம் பூசி அர்த்தம் சொல்லாதீர்கள். வேறு மென்பொருளில் நிறம் போய்விடும். விசித்திரமான எண்ணை அழிக்காமல் பக்கத்தில் சந்தேகத்தைக் குறியுங்கள்.

ஒரே புள்ளியில் மூன்று பாட்டில் எடுப்பது மூன்று ஏரிகளைப் பார்ப்பதாகாது. அது உங்கள் கையின் துல்லியத்தைத்தான் காட்டும். ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-இல் இதற்குப் போலி மறுசெய்கை என்று பொருள்படும் பெயர் வைத்து, சூழலியல் ஆய்வுகளை அடுக்கடுக்காகச் சுட்டிக்காட்டினார். இன்றும் அந்தத் தவறு ஓயவில்லை. ஓடையோரம் ஒரு மாற்றம் வரப்போகிறது, அதன் விளைவை அறிய வேண்டும் என்றால், மாற்றம் வராத இன்னொரு நீர்நிலையையும் மாற்றத்துக்கு முன்பிருந்தே சேர்த்து அளந்திருக்க வேண்டும். இரண்டிலும் பாசி பெருகினால் காரணம் மழையாக இருக்கலாம்.

ஓராண்டு முடிந்ததும் மூலத் தரவை முறைக்குறிப்போடு பொதுக் களஞ்சியம் ஒன்றில் போடுங்கள். எழுத்துக்கோப்பு வடிவில் போடுங்கள். இருபது ஆண்டு கழித்தும் திறக்கும். முறைக்குறிப்பில் செக்கி தட்டின் விட்டம், வடிதாளின் துளையளவு, வலையின் கண், இடக்குறி, நீர்மட்டக் கோடு எந்தப் பாறையில் வரைந்தது என்பதுவரை இருக்கட்டும். நோட்டை ஈரம் படாத பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் ஏரியின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.